மூன்றாவது ரேக்கில்தான் ஆட்டம் நின்றது

போன சனிக்கிழமை பழனியில் இருந்து பைக்கில் திண்டுக்கல் திரும்பிக்கொண்டிருந்தேன். ஒட்டன்சத்திரம் தாண்டியதும் இடது பக்கக் கண்ணாடி கொஞ்சம் இறங்கியிருப்பது தெரிந்தது. வண்டி அப்போது 60-இல் போய்க்கொண்டிருந்தது. இடது கையை எடுத்து, கண்ணாடியைத் தூக்கி வைத்து, மறுபடி கைப்பிடியைப் பிடித்தேன். அவ்வளவுதான். ஆனால் பின்னால் பெட்டி மாட்டிய நாளில் இருந்து ஏழெட்டு மாதமாக இதைச் செய்ய முடியாமல் இருந்தது. ஒரு கையை எடுத்தால் போதும், ஹேண்டில் நடுங்க ஆரம்பித்துவிடும். அது நின்றுவிட்டது என்று உறுதியானதால் நடந்ததை முதலில் இருந்து எழுதுகிறேன்.

நான் எலெக்ட்ரானிக் தராசு சர்வீஸ் செய்கிறவன். ஒட்டன்சத்திரம் காய்கறி மண்டி, நிலக்கோட்டை பூ மார்க்கெட், பழனியில் சில கடைகள், நடுவில் கிராமத்துப் பால் சொசைட்டிகள். ஒரு நாளைக்கு 80 முதல் 120 கிலோமீட்டர் ஓட்டம். எலெக்ட்ரானிக் தராசுக்கு வருஷத்துக்கு ஒரு முறை முத்திரை போட்டாக வேண்டும். அதனால் முத்திரைக்கு முன்பு சரிபார்த்துக் கொடுக்கும் வேலை எப்போதும் இருக்கும், எடைக்கற்களும் எப்போதும் கூடவே இருக்கும். கருவிப் பை 2.9 கிலோ. லோடு செல் (தராசுக்குள் எடையை உணரும் பாகம்), அடாப்டர், 6 வோல்ட் பேட்டரி வைத்திருக்கும் ஸ்பேர் டப்பா 1.3. மழைக்கோட்டும் பில் புக்கும் 0.4. இரண்டு 2 கிலோ கல், ஒரு 1 கிலோ கல். மொத்தம் 9.6 கிலோ. நாலு வருஷம் இதைத் தோளில் மாட்டிக்கொண்டுதான் போனேன். தோள் தாங்கவில்லை. அதுதான் பெட்டி மாட்டியதற்குக் காரணம்.

வண்டி 125 சிசி, 2015 மாடல், பின்னால் இரண்டு பக்கமும் ஷாக் அப்சார்பர். ஒற்றை ஷாக் வண்டி வைத்திருப்பவர்களுக்கு நான் கடைசியில் செய்த வேலை அப்படியே பொருந்தாது. அளவுகள் வண்டிக்கு வண்டி மாறும்.

முதலில் பெட்டியைத் தாங்க ஒரு ரெடிமேடு ரேக் வாங்கினேன். 850 ரூபாய், எடை 2.2 கிலோ. சீட்டுக்குப் பின்னால் இருக்கும் கைப்பிடியோடு இரண்டு எம்8 (8 மி.மீ.) போல்ட்டில் மாட்டும் வகை. அதன் மேல் 32 லிட்டர் பெட்டி, 2,400 ரூபாய், காலியாக 3.4 கிலோ. பெட்டியின் அடியில் அதிகபட்சம் 5 கிலோ என்று அச்சு வார்த்திருந்தது. அதைப் படித்தேன். படித்துவிட்டும் 9.6 கிலோவை உள்ளே வைத்தேன். பெட்டி கெட்டியாக இருந்தது, 5 கிலோ என்பது சும்மா பாதுகாப்புக்குப் போட்டிருப்பார்கள் என்று நினைத்தேன். அந்த எண் பெட்டியின் பலத்தை மட்டும் பார்த்துச் சொன்னது இல்லை, வண்டியின் பின்னால் அவ்வளவு தள்ளி எவ்வளவு எடை இருக்கலாம் என்பதும் அதில் அடங்கியிருக்கிறது என்று புரிய எனக்கு ஒரு ரேக் உடைய வேண்டியிருந்தது.

மாட்டும்போதே இன்னொரு தப்பும் செய்தேன். அதிர்வு குறையட்டும் என்று லாரி டியூபில் இருந்து ரப்பர் வெட்டி, ரேக்குக்கும் கைப்பிடிக்கும் நடுவில் வைத்து இறுக்கினேன். இரண்டு நாளில் போல்ட் தளர்ந்தது. மறுபடி இறுக்கினேன், மறுபடி தளர்ந்தது. ஸ்பிரிங் வாஷர் போட்டும் பலனில்லை. ரப்பர் நசுங்கிக்கொண்டே போகும், நசுங்க நசுங்க போல்ட்டின் இறுக்கம் போய்விடும் என்பது பிறகுதான் உறைத்தது. எடை தாங்கும் இடத்தில் இரும்பும் இரும்பும் நேராக உட்கார வேண்டும். ரப்பர் வைக்க ஆசை இருந்தால் பெட்டிக்கும் தட்டுக்கும் நடுவில் வைத்துக்கொள்ளலாம்.

55-ஐத் தாண்டினால் ஹேண்டில் நடுங்கும். இரண்டு கையும் அழுத்தமாக இருந்தால் தெரியாது, லேசாக விட்டால் தெரியும். மெக்கானிக்கிடம் காட்டினேன். முன் சக்கரத்தைத் தூக்கி, ஃபோர்க்கைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டிப் பார்த்துவிட்டு, கோன் செட் (ஹேண்டில் திரும்பும் இடத்தில் இருக்கும் பேரிங்) போயிருக்கிறது என்றார். மாற்றினேன். பொருளும் கூலியும் சேர்த்து 650 ரூபாய். நடுக்கம் பாதியாகக் குறைந்தது. நானும் அதோடு விட்டுவிட்டேன். கோன் செட் கெட்டிருந்தது உண்மைதான், பெட்டி மாட்டாமல் இருந்தாலும் மாற்ற வேண்டியதுதான். ஆனால் மீதிப் பாதி நடுக்கம் எங்கிருந்து வருகிறது என்று நான் தேடவில்லை.

அது ஒரு மாதம் கழித்துத் தானாகவே தெரிந்தது. மண்டியில் வேலை முடித்துத் திரும்பும்போது ஒரு வேகத்தடையில் ஏறி இறங்கியதும் பின்னால் டக்கென்று சத்தம். இறங்கிப் பார்த்தால் பெட்டி பின்பக்கமாகச் சாய்ந்து தொங்குகிறது. ரேக்கின் பட்டை, பைப்போடு வெல்டிங் ஆன இடத்தை ஒட்டி முக்கால்வாசி கிழிந்திருந்தது. கிழிந்த விளிம்பில் பாதி தூரம் பழைய துரு, மீதி பளபளவென்று புது இரும்பு. அதாவது விரிசல் விழுந்து பல நாள் ஆகியிருக்கிறது, நான் கவனிக்கவில்லை. எடைக்கற்களை எடுத்துத் தோள் பையில் போட்டேன். பெட்டியைப் பக்கத்துப் பஞ்சர் கடையில் வாங்கிய சைக்கிள் டியூபால் சீட்டோடு சேர்த்துக் கட்டி, 30-இலேயே வீடு வந்து சேர்ந்தேன்.

இரண்டாவது முயற்சியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. கிழிந்த ரேக்கையே வெல்டிங் வைத்து, இரண்டு 10 மி.மீ. ராடை முட்டுக் கொடுத்து, அவற்றின் கீழ் நுனியைப் பின் மட்கார்டில் இண்டிகேட்டர் மாட்டும் துளைகளில் இறுக்கினேன். 300 ரூபாய். மட்கார்டு வெறும் தகரம். மூன்றே வாரத்தில் துளையைச் சுற்றித் தகரம் கிழிய ஆரம்பித்தது, இண்டிகேட்டரும் ஆடியது. முட்டு என்பது சேசிஸில், அதாவது வண்டியின் இரும்புச் சட்டத்தில், போய் நிற்க வேண்டும். தகரத்தில் நின்றால் அது முட்டே இல்லை.

இந்த இடத்தில்தான் வழக்கமாகப் போகும் வெல்டிங் பட்டறைக்காரரிடம் போய்க் கேட்டேன். "அண்ணே, இதே ரேக்கை இன்னும் கனமான பட்டையில போட்டுக் கொடுத்துடுங்க." அவர் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். ரேக்கின் பின் நுனியைப் பிடித்து இரண்டு தடவை அமுக்கினார். "கனம் போட்டா எடைதான் கூடும் தம்பி. இது காத்துல நீட்டிக்கிட்டு நிக்குது. கீழ இருந்து ஒரு காலு குடு, அது போதும்" என்றார். கூடவே, பெட்டியை எவ்வளவு முன்னால் தள்ள முடியும் என்று பார்த்துக்கொண்டு வரச் சொன்னார்.

வீட்டுக்கு வந்ததும் முதல் நாளே செய்திருக்க வேண்டியதைச் செய்தேன். தராசு எடுத்தேன். சர்வீஸுக்கு வந்திருந்த ஒரு பிளாட்பார்ம் தராசு, 150 கிலோ வரை தாங்கும். அதை முன் சக்கரத்துக்கு அடியில் வைத்து, பின் சக்கரத்துக்கு அடியில் அதே உயரத்துக்குப் பலகை அடுக்கி, இரண்டு பக்கமும் ஆள் பிடித்துக்கொள்ள, நான் ஓட்டும் நிலையில் உட்கார்ந்தேன். மூச்சு விட்டால்கூட எண் அரை கிலோ வரை ஆடும். மூன்று தடவை எடுத்து நடு எண்ணைக் குறித்துக்கொண்டேன். ரேக்கும் பெட்டியும் இல்லாமல் முன் சக்கரத்தில் 77 கிலோ. பழைய ரேக், பெட்டி, 9.6 கிலோ சாமான் எல்லாம் வைத்தால் 71.5.

பெட்டியில் இன்னும் எவ்வளவு ஏற்றினாலும் முன் சக்கரத்துக்கு ஒரு கிராம்கூடப் போகாது. அது பின் அச்சுக்கும் பின்னால் இருக்கிறது. சீசா பலகை மாதிரி, பின்னால் அழுத்த அழுத்த முன்னால் தூக்கும். டேப் பிடித்துப் பார்த்தேன். என் வண்டியில் அச்சுக்கு அச்சு 126.5 செ.மீ. பெட்டியின் நடு, பின் அச்சில் இருந்து 45 செ.மீ. பின்னால். அப்படியானால் பெட்டியில் வைக்கும் ஒவ்வொரு கிலோவுக்கும் முன் சக்கரத்தில் ஏறக்குறைய 350 கிராம் குறையும். மூன்று கற்களும் சேர்ந்து 5 கிலோ, அது மட்டுமே 1.75 கிலோவைத் தின்கிறது. கற்கள் பெட்டியில் இருக்கக் கூடாது என்பது அந்த இரவே முடிவாகிவிட்டது.

ரேக்குக்கு மூன்று விஷயத்தைக் குறித்துக்கொண்டேன். பெட்டியின் நடு, முடிந்த அளவு முன்னால் வர வேண்டும். தட்டின் பின் மூலைகளுக்குக் கீழே கால் வேண்டும், அந்தக் கால் ஷாக்கின் மேல் போல்ட்டில் போய் நிற்க வேண்டும். ரேக்கின் எடை 3 கிலோவைத் தாண்டக் கூடாது.

மாதிரிக்கு 4 மி.மீ. ஜிஐ கம்பியை வளைத்து வைத்துப் பார்த்தேன். இந்த வேலைக்கு அட்டையைவிடக் கம்பி நல்லது, மூன்று பக்கமும் வளையும், வண்டியிலேயே கட்டி வைத்து எங்கே இடிக்கிறது என்று பார்த்துவிடலாம். கம்பியை வைத்ததுமே ஒரு சிக்கல் தெரிந்தது. ஷாக் போல்ட்டில் இருந்து தட்டின் மூலைக்கு நேராகக் கோடு இழுத்தால் இண்டிகேட்டர் தண்டு நடுவில் வருகிறது. காலை 2 செ.மீ. வெளிப்பக்கம் தள்ளினால் தப்பிக்கிறது. அப்போதும் 8 மி.மீ. இடைவெளிதான். ஷாக்கின் மேல் நுனி அசையாத இடம் என்பதால் 8 மி.மீ. போதும் என்று வைத்துக்கொண்டேன்.

பொருள்: 19 மி.மீ. வெளிவிட்டமுள்ள எம்எஸ் (சாதாரண இரும்பு) பைப், 16 கேஜ், அதாவது 1.6 மி.மீ. கனம். 3.5 மீட்டர் வாங்கினேன். மீட்டருக்கு 700 கிராமுக்குக் கொஞ்சம் குறைவு. 200 ரூபாய். கால்களின் அடியில் வர 3 மி.மீ. தகடு, வெட்டுத் துண்டாக 60 ரூபாய். பெட்டி உட்காரும் தட்டுக்கு முதலில் 3 மி.மீ. இரும்புத் தகடே எடுக்கப் பார்த்தேன். 30 செ.மீ.க்கு 24 செ.மீ. என்றால் அதுவே 1.7 கிலோ. அதே அளவில் அலுமினியச் செக்கர் தகடு 600 கிராம். பழைய சாமான் கடையில் 320 ரூபாய்க்குக் கிடைத்தது. உயரத்தில், பின்கோடியில் குறைகிற ஒரு கிலோவுக்கு அந்தப் பணத்தைத் தரலாம்.

பட்டறையில் ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை ஆனது. பைப்பை வளைக்காமல் மூலைகளை 45 டிகிரியில் வெட்டி ஒட்டினோம். 16 கேஜ் பைப்பில் ஆர்க் வெல்டிங் என்றால் ஓட்டை விழும் பயம் உண்டு. பட்டறைக்காரர் 2.5 மி.மீ. வெல்டிங் ராடு எடுத்து, கரண்டைக் குறைத்து, ஒரு இடத்தில் நிற்காமல் சின்னச் சின்னதாக வைத்துக்கொண்டு போனார். சட்டத்தைத் தரையில் வைத்து நாலு மூலைக்கும் முதலில் டேக் மட்டும் (பிடித்து நிற்க ஒரு பொட்டு வெல்டிங்) வைத்து, குறுக்கு மறுக்காக இரண்டு மூலைவிட்டங்களையும் அளந்தோம். 3 மி.மீ. வித்தியாசம். சுத்தியலால் தட்டிச் சரி செய்தபிறகுதான் முழு வெல்டிங். நான் அவசரப்பட்டு ஒரு மூலையை மட்டும் முழுசாக முடிக்கச் சொன்னேன். அவர் கேட்டிருந்தால் சூடு இழுத்துச் சட்டமே முறுக்கிக்கொண்டிருக்கும்.

கால்களை மட்டும் வண்டியிலேயே வைத்து டேக் போட வேண்டியிருந்தது. அதற்கு முன் பேட்டரியின் இரண்டு முனைகளையும் கழற்றினோம். எர்த் கிளாம்பை ரேக்கிலேயே, டேக் வைக்கும் இடத்துக்குப் பக்கத்தில் மாட்டினோம். டேங்க் மேலும் சீட் மேலும் நனைத்த சாக்கு. டேக் ஆனதும் கழற்றிக் கீழே வைத்துத்தான் மீதி வெல்டிங். காலின் நுனியைச் சுத்தியால் தட்டையாக்கி அதிலேயே துளை போட்டுவிடலாம் என்று பட்டறையில் இருந்த பையன் சொன்னான், வேலை சீக்கிரம் முடியுமாம். பைப் மடங்கிய இடத்தில்தான் விரிசல் முதலில் வரும். வேண்டாம் என்று தகடு வைத்தே ஒட்டச் சொன்னேன்.

ஷாக் போல்ட்டில் இரண்டு தவறு நடந்தது. முதலில் 5 மி.மீ. தகடுதான் வெட்டியிருந்தோம். அதை வைத்து டோம் நட்டை (தலை மூடிய நட்) ஏற்றினால் நாலு சுற்றுத்தான் மரை பிடிக்கிறது. பின் ஷாக்கைப் பிடித்திருக்கும் நட், நாலு மரையில் நிற்கக் கூடாது. ஏற்கெனவே அங்கே இருந்த வாஷரை எடுத்து அளந்தால் ஏறக்குறைய 3 மி.மீ. அந்த வாஷரை எடுத்துவிட்டு அதே கனத்தில் 3 மி.மீ. தகடு வைத்தோம், பழைய அளவுக்கே மரை பிடித்தது. ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். அந்த வாஷர்தான் ஷாக்கின் ரப்பர் புஷ் வெளியே நழுவாமல் தடுக்கிறது. அதனால் தகட்டின் அகலம் வாஷரைவிடக் குறையக் கூடாது. 40 மி.மீ. வைத்தேன்.

இரண்டாவது தவறு என்னுடையது. ஒரு டோம் நட்டின் தலை மழுங்கியிருந்தது. ஹார்டுவேர் கடையில் எம்10 நட் வாங்கி வந்து போட்டேன். இரண்டு சுற்று ஏறியதும் இறுகியது. ஸ்பேனர் போட்டு ஏற்றிவிடலாம் என்று கை போனது. நல்லவேளை, பட்டறைக்காரர் பார்த்துவிட்டு நிறுத்தினார். வண்டியில் இருப்பது 1.25 பிட்ச் (மரைக்கு மரை 1.25 மி.மீ. இடைவெளி) மரை, ஹார்டுவேர் கடையில் சாதாரணமாகக் கொடுப்பது 1.5. கட்டாயப்படுத்தி ஏற்றியிருந்தால் சேசிஸோடு இருக்கும் போல்ட்டின் மரையே போயிருக்கும். ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் சரியான நட் 25 ரூபாய்தான்.

முன்கால்கள் இரண்டும் கைப்பிடியின் பழைய போல்ட் துளைகளிலேயே உட்கார்ந்தன. போல்ட்டை மட்டும் நீளமாக, எம்8-க்கு 45 மி.மீ., 8.8 என்று (அது பலத்தைக் குறிக்கும் எண்) தலையில் எழுதியதாகப் பார்த்து வாங்கினேன். நடுவில் 18 மி.மீ. நீளத்துக்குக் கெட்டிப் பைப்பை வெட்டிக் காலராகப் போட்டோம், ரப்பர் இல்லை. எல்லா இடத்திலும் நைலாக் நட் (தளராமல் இருக்க உள்ளே நைலான் வளையம் உள்ளது), ஷாக்கைத் தவிர.

எல்லாம் மாட்டி, நிமிர்ந்து பார்த்தால் சீட்டைக் கழற்ற முடியவில்லை! என் வண்டியில் சீட்டைப் பின்பக்கமாக 3 செ.மீ. இழுத்துத்தான் தூக்க வேண்டும். ரேக்கின் முன் குறுக்குப் பைப் சரியாக அங்கே நின்றது. சீட்டுக்கு அடியில்தான் டூல் கிட், ஃபியூஸ் எல்லாம். வேறு வழியில்லை, குறுக்குப் பைப்பை அறுத்து 4 செ.மீ. பின்னால் தள்ளி ஒட்டினோம். ஒரு மணி நேரம் வீண். கம்பி மாதிரியை வைத்துப் பார்த்த அன்றே சீட்டை ஒரு தடவை கழற்றிப் பார்த்திருக்கலாம்.

வெல்டிங், வெட்டுக் கூலி எல்லாம் சேர்த்து 900 ரூபாய் கொடுத்தேன். வண்ணம் நானே அடித்தேன். எமரி தாள் போட்டுத் தேய்த்து, ரெட் ஆக்சைடு ஒரு கை, காய்ந்ததும் கருப்பு எனாமல் இரண்டு கை, 210 ரூபாய். பைப்பின் திறந்த வாய்களை எல்லாம் தகடு வைத்து அடைத்திருந்தோம். கால்களின் கீழ் நுனியில் மட்டும் 3 மி.மீ. துளை போட்டேன். எங்கேயாவது தண்ணீர் புகுந்தால் வெளியேற வேண்டும், இல்லையென்றால் பைப் உள்ளிருந்தே துருப்பிடித்துப் போகும், வெளியே தெரியாது.

பெட்டியை மாட்டும் முன் ஒரு சோதனை. ஒரு 20 கிலோ எடைக்கல்லைத் தட்டின் பின் விளிம்பில் தொங்கவிட்டேன். எடை வைத்தால் ஷாக்கும் அமுங்கும் என்பதால் தரையில் இருந்து அளக்காமல், பின் விளக்கின் மேல் விளிம்பில் இருந்து தட்டின் விளிம்பு வரை அளந்தேன். பழைய ரேக்கை வெல்டிங் வைத்து ஒட்டிய பிறகு இதே மாதிரி பார்த்தபோது 14 மி.மீ. இறங்கியது. இது 2 மி.மீ. அத்தனைக்கும் புது ரேக் 3 கிலோதான், பழையதைவிட 800 கிராம் அதிகம். பட்டறைக்காரர் சொன்ன கால்தான் அவ்வளவு வேலையும் செய்கிறது.

பெட்டியை 9 செ.மீ. முன்னால் கொண்டுவந்தேன். நடு இப்போது பின் அச்சில் இருந்து 36 செ.மீ. தனியாகப் போகும்போது சுகம். ஆனால் மனைவி பின்னால் உட்கார்ந்தபோது பெட்டி இடுப்பில் இடித்தது, அவரால் நிமிர்ந்து உட்கார முடியவில்லை. அதனால் அலுமினியத் தட்டில் இரண்டு வரிசைத் துளை போட்டேன். முன் வரிசை எனக்கு மட்டும், பின் வரிசை இருவர் போகும் நாளுக்கு. மாற்ற நாலு எம்6 போல்ட், 10-ஆம் நம்பர் ஸ்பேனர், பத்து நிமிஷம். இருவர் போகும் நாளில் பெட்டியில் சாப்பாட்டுப் பையும் மழைக்கோட்டும் மட்டும்தான்.

கற்களுக்கு டேங்க் கவர். ரெக்சின் கடைகளில் பாக்கெட் வைத்துத் தைத்த டேங்க் கவர் எல்லா வண்டிக்கும் கிடைக்கும். நான் கடைக்காரரிடம் சொல்லி, முட்டிக்கு முன்னால் இரண்டு பக்கமும் அடிப்பக்கம் இரட்டைத் துணி வைத்த பையாகத் தைக்கச் சொன்னேன். 550 ரூபாய். ஒரு பக்கம் 2 கிலோ கல், மறுபக்கம் 2-ம் 1-ம். ஹேண்டிலை முழுசாகத் திருப்பும்போது பை இடிக்காத அளவுக்குப் பின்னால் தள்ளித் தைப்பது முக்கியம். கற்கள் ஒன்றோடொன்று உரசினால் எடை குறையும், அது என் தொழிலுக்கு ஆகாது. அதனால் ஒவ்வொன்றுக்கும் தனித் துணிப்பை. உட்கார்ந்து மறுபடி முன் சக்கரத்தைத் தராசில் வைத்தேன். 77-க்குப் பக்கத்திலேயே நின்றது, சில தடவை 76.5. பெட்டி இல்லாத வண்டியில் இருந்த அதே எண். அதைப் பார்த்தபோது வந்த நிம்மதியைச் சொல்லித் தெரியாது.

பெட்டி பொருத்தியதில் இரண்டு சின்னச் சங்கதிகள். அடியில் போட்ட நாலு துளை வழியாக முதல் மழையிலேயே தண்ணீர் ஏறி பில் புக் நனைந்தது. பின் சக்கரம் வாரி இறைக்கும் தண்ணீர் கீழிருந்து வரும், நாம் மூடியை மட்டும் பார்ப்போம். போல்ட் தலைக்கு அடியில் ரப்பர் வாஷரும் சுற்றிலும் சிலிக்கானும் போட்டதும் நின்றது. அடுத்தது பூட்டு. பெட்டியோடு வந்த பூட்டு ஒரு ஸ்குரூ டிரைவருக்குத் திறக்கும் ரகம். 2019-இல் புவிசார் குறியீடு வாங்கிய பூட்டு ஊரில் இருந்துகொண்டு அப்படி விட மனம் வரவில்லை. பக்கவாட்டில் ஒரு கொண்டியை ரிவெட் அடித்து, சின்னதாக ஒரு மாங்காய்ப் பூட்டு மாட்டிவிட்டேன். கனம் கொஞ்சம் கூடத்தான், ஆனால் கையால் செய்த அந்தப் பூட்டைத் தொடும்போதெல்லாம் எனக்குச் சந்தோஷம்.

ஓட்டிப் பார்க்கும் முன் பின் ஷாக்கை ஒரு படி இறுக்கினேன், இரண்டில் இருந்து மூன்றுக்கு. பின் சக்கரத்தில், இருவர் செல்லும்போது என்று வண்டியின் ஸ்டிக்கரில் போட்டிருக்கும் காற்றளவு. அப்புறம் ஒவ்வொரு நட்டின் மேலும், பக்கத்து இரும்பின் மேலும் சேர்ந்து வருகிற மாதிரி மனைவியின் நெயில் பாலிஷால் ஒரு கோடு. நட் அசைந்தால் கோடு உடையும், ஸ்பேனர் எடுக்காமலே தெரியும். முதல் 100 கிலோமீட்டரில் இடது முன் எம்8-இன் கோடு கொஞ்சம் விலகியிருந்தது. வண்ணம் நசுங்கியிருக்கும். வாஷர் உட்காரும் இடத்தில் எனாமலைச் சுரண்டிவிட்டு மறுபடி இறுக்கிக் கோடு போட்டேன். 500-இல், 1,000-இல், இப்போது 4,200-இல் பார்த்தேன். எல்லாக் கோடும் அப்படியே இருக்கிறது.

கணக்கு: மூன்றாவது ரேக்குக்குப் பைப் 200, தகடு 60, அலுமினியம் 320, போல்ட் நட் 140, கூலி 900, வண்ணம் 210. மொத்தம் 1,830 ரூபாய். டேங்க் கவர் 550 தனி. முதல் ரேக்கிலும் அதை ஒட்டவைத்ததிலும் போனது 1,150.

மறுபடி செய்வதாக இருந்தால் தட்டில் இரண்டு வரிசைத் துளைக்குப் பதில் 9 செ.மீ. நீளத்துக்கு நாலு நீள்துளை வெட்டுவேன். போல்ட்டை முழுசாகக் கழற்றாமல் தளர்த்தி நகர்த்திக்கொள்ளலாம். 32 லிட்டருக்குப் பதில் 24 லிட்டர் பெட்டி வாங்குவேன். இப்போது பாதி காலியாகத்தான் இருக்கிறது, காலி இடம் இருந்தால் எதையாவது வைக்கக் கை போகிறது. பெட்டியின் மூடிக்கு உள்பக்கம் "5 கிலோ" என்று பெயிண்டில் எழுதி வைத்திருக்கிறேன். இன்றைக்குக் காலையில் நிறுத்துப் பார்த்தபோது உள்ளே 4.7 இருந்தது. கற்கள் போக இருக்க வேண்டியது 4.6. 100 கிராம் கூடுதல், ஸ்பேர் டப்பாவில் பழைய அடாப்டர் ஒன்று கிடந்தது. எடுத்து வெளியே வைத்துவிட்டேன்.